கொம்பு வண்டி

என் வீட்டுக்காரர் இறந்து ஒரு வருடம் கழித்து, நாற்பத்தாறாவது வயதில், அவருடைய புல்லட்டை ஓட்டக் கற்றுக்கொண்டேன். போடியில் அதற்காக எனக்குக் கிடைத்த அறிவுரைகளை மூட்டை கட்டினால் ஒரு ஜீப்பு லோடு தேறும். ஸ்கூட்டர் வாங்கிக்கொள் என்றார்கள். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டில் உட்கார் என்றார்கள். சிலமலையில் இருக்கும் என் அக்கா போனிலேயே அழுதாள். நான் யார் சொல்லியும் எதையும் செய்தவள் இல்லை. வேண்டாம் என்று சொன்னால் இன்னும் வேகமாகச் செய்வேன். இது நல்ல குணமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஸ்கூட்டர் வாங்காததற்குக் காரணம் இருந்தது. போடிமெட்டு ஏறி, சோதனைச்சாவடியைத் தாண்டி, தார்ச்சாலையை விட்டு இறங்கும் மண்பாதையில் இரண்டு கிலோமீட்டர் போனால்தான் எங்கள் ஏலத்தோட்டம். நான்கு ஏக்கர். மழைக்காலத்தில் அந்தப் பாதை சேறும் கல்லுமாகக் கிடக்கும். சின்னச் சக்கரம் அங்கே பல்லிளித்துவிடும். காய் எடுக்கும் பெண்களை ராசிங்காபுரத்திலிருந்தும் சிலமலையிலிருந்தும் ஏற்றிவரும் ஜீப்பு தார்ச்சாலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து அவர்கள் நடப்பார்கள். அந்தப் பாதையில் தினமும் போய்வந்த ஒரே வண்டி இந்தப் புல்லட்தான்.

ஓட்ட வந்துவிட்டது. ஹேண்டில்பார்தான் வசப்படவில்லை. அவர் ஆறடி. மதுரையில் தேடிப் பிடித்து வாங்கி மாட்டிய ஹேண்டில்பார் அது. உயரமாக எழும்பி, இரண்டு பக்கமும் அகலமாக விரிந்து, நுனி பின்னால் வளைந்து எருமைக்கொம்பு போல இருக்கும். நான் ஐந்தடி இரண்டங்குலம். நான் அதைப் பிடித்தால் பஸ்சில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குகிற மாதிரிதான். நேரான சாலையில் தோள் வலிக்கும், அவ்வளவுதான். கொண்டை ஊசி வளைவில்தான் வினை. வண்டியை முழுக்க ஒடித்தால் வெளிப்பக்கத்துக் கை எட்டாது. இடதுகை எட்டாவிட்டால் கிளட்ச் இல்லை, வலதுகை எட்டாவிட்டால் முன்பிரேக் இல்லை. அதனால் வளைவில் நிற்பது என்பதே எனக்குக் கிடையாது. ஒரே கியரில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, வருவது வரட்டும் என்று திரும்பிவிட வேண்டும். பதினேழு வளைவு ஏறி முடிக்கும்போது பதினேழு தடவை செத்துப் பிழைத்திருப்பேன்.

கண்ணாடியும் அவர் உயரத்துக்கு வைத்ததுதான். கிளம்பும்போது எனக்குத் தோதாகத் திருப்பி வைப்பேன். வண்டியின் அதிர்வில் அது மெல்ல மெல்ல நகர்ந்து, மேலே போய்ச் சேர்வதற்குள் அவர் பார்க்கும் இடத்துக்கே வந்து நின்றுவிடும். நட்டு தேய்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்தக் கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டப் பழகினேன். அதில் என் தலை தெரியாது. என் தலைக்கு மேலே இருக்கும் வெறும் பனிதான் தெரியும்.

தனியாக முதன்முதலில் மலையேறியது ஆவணி மாதத்தில். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அவருடைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கோட்டின் பைக்குள் கைவிட்டபோது ஏழெட்டு ஏலக்காய் தட்டுப்பட்டது. காய்ந்து வெளிறிப் போயிருந்தது. போகும்போதும் வரும்போதும் ஒன்றைக் கடித்துக்கொள்வது அவர் வழக்கம். முகர்ந்து பார்த்து, கொஞ்சம் அழுதுவிட்டு, பைக்குள்ளேயே திரும்பப் போட்டேன்.

சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்த நான் காலால் தரையைத் தேடிக்கொண்டிருந்தபோதே, உள்ளே இருந்தவர் கையை உயர்த்தி, போங்க போங்க என்று காட்டினார். மேலே டீக்கடையில் நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் பெஞ்சின்மேல் டீ வந்துவிட்டது. ஒரு வாய் குடித்தேன். சர்க்கரை இல்லை. சர்க்கரை இல்லாமல் குடிப்பவர் அவர். நிமிர்ந்தால், டீக்கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. பனியில ஹேண்டில்பார் மட்டுந்தேன் தெரிஞ்சுச்சு. கை தானாப் போட்ருச்சு" என்றார்.

சிரித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், மனசுக்கு இதமாகவும் இருந்தது. இந்த மலையில் இன்னும் ஓர் ஆள் அவருக்காக டீ போடுகிறார். இனிமேல் சர்க்கரை போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு மாதம் அந்தக் கசப்பு டீயைக் குடித்தேன்.

மண்பாதையில்தான் இதம் போயிற்று.

தார்ச்சாலையின் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். கீழே பனிக்குள் பெண்கள் நடந்து போகும் சத்தம் கேட்டது. யாரோ மாமியாரைப் போல நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. என்ஜினை உதைத்துக் கிளப்பி இறங்கினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அத்தனை பேரும் பாதையோரத்தில் வரிசையாக ஒதுங்கி, தலையைக் குனிந்து நின்றார்கள். மழைக்கு அவர்கள் பிளாஸ்டிக் தாளை மடித்துத் தலைக்குமேல் போட்டுக்கொள்வார்கள், கொங்காணி என்பார்கள். அந்தக் கொங்காணிகளுக்குள் ஒரு முகம்கூடத் தெரியவில்லை. "கொம்பு வருது" என்று யாரோ முன்னால் இருப்பவர்களுக்குச் சொல்வது மட்டும் கேட்டது. இவர்கள் எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள். என் வீட்டு விசேஷத்தில் உரிமையோடு இன்னொரு அப்பளம் கேட்டு வாங்கியவர்கள்.

பாதி வழியில் ஒரு பாறை வளைவு உண்டு. ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அந்தப் பாறைமேல் யாரோ ஒரு நீலக் கொங்காணியைக் காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கிட்டப் போனபிறகுதான் அதற்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. ஒரு பெண், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நெற்றி பாறையைத் தொடுகிற அளவுக்கு ஒட்டி நின்றாள். அசையவில்லை. நிறுத்திக் கேட்கலாம் என்றால் அந்த வளைவில் என்னால் நிறுத்த முடியாது. திரும்பி, தாண்டி, கண்ணாடியைப் பார்த்தேன். பனிதான் இருந்தது.

மறுநாளும் அப்படியே நின்றாள். அதற்கு மறுநாளும் நின்றாள்.

எங்கள் ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கட்டிடத்தில், வயதான ஒருவர் இருபது வருடமாக அடுப்பைப் பார்த்துக்கொள்கிறார். மலை மேலேயே இருந்து இருந்து பேச்சில் பாதி மலையாளம் கலந்துவிட்டது. அவரிடம் கேட்டேன்.

"பெண்ணுங்களுக்குப் பேடி, தாயி" என்றார். "பயம். அண்ணே வர்றாப்லயே இருக்குதாம். ரெண்டு பேரு வேற தோட்டத்துக்குப் போயிட்டாளுக."

"செத்தவரு எப்படிய்யா வருவாரு?"

"நீங்க வர்றது அவரு வர்றாப்லதான இருக்கு? கோட்டு அவருது. வண்டி அவருது. கொம்பும் அவருது. உள்ள இருக்கிறது யாருன்னு பனிக்குத் தெரியுமா?"

அடுப்புக்கு விறகைத் தள்ளிக்கொண்டே அவர் இதைச் சொன்னார். காய் எடுப்பு நேரத்தில் ஆள் போனால் தோட்டம் போச்சு. பறிக்காத காய் பழுத்து வெடித்து மண்ணோடு போகும். ஆனால் அதைவிட வேறொன்று என்னை அரித்தது. என் தோட்டத்துக்கு நான் போகிறேன், என் ஆட்களின் கண்ணுக்கு வேறு யாரோ தெரிகிறார். அவர்கள் என்னைப் பார்க்க வேண்டும். எனக்கு அது வேண்டும். கோபமாகக்கூட வந்தது.

எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை ஏற்றச் சொன்னார். எனக்கு அதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இரண்டு பழத்தைச் சக்கரத்துக்கு முன்னால் வைத்து நசுக்கி, ஹேண்டில்பாரின் இரண்டு நுனியிலும் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டினேன். மறுநாள் காலையில் நீலக் கொங்காணி பாறையோடு ஒட்டி நின்றது.

எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அந்த ஹேண்டில்பார் ஆளை ஒரே ஒரு விதமாகத்தான் உட்காரவிடும். நெஞ்சு நிமிர வேண்டும், முழங்கை விரிய வேண்டும், தாடை மேலே ஏற வேண்டும். பணிவாக உட்கார அதில் வழியே இல்லை. வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகும் என் கைகள் அகன்றே இருந்தன. ஒருநாள் போடி கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடைக் கண்ணாடியில் அவர் புல்லட்டில் போவதைப் பார்த்தேன். அதே தோள், அதே தாடை. நான்தான் அது என்று புரிய நாலு கடை தாண்ட வேண்டியிருந்தது.

புரட்டாசி பிறந்து சில நாளில் அந்தக் காரியம் நடந்தது.

டீக்கடையில் நிறுத்தியபோது பெட்ரோல் குழாயை மூடினேன். கிளம்பும்போது திறக்க மறந்துவிட்டேன். இந்த வண்டிக்காரர்கள் எல்லோரும் ஒருநாளாவது செய்கிற தப்புதான். குழாயில் மிச்சம் இருந்த பெட்ரோலில் கொஞ்சதூரம் ஓடி, மண்பாதையில் இறங்கும்போது என்ஜின் நின்றுபோனது. இறக்கம் என்பதால் வண்டி மட்டும் போய்க்கொண்டே இருந்தது. சத்தமே இல்லை. சேற்றில் சக்கரம் உருளும் சத்தமும் ஏல இலையிலிருந்து சொட்டும் சத்தமும்தான்.

அவரும் இந்த இறக்கத்தில் என்ஜினை அணைத்துவிட்டுத்தான் வருவார். பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். நானும் சிக்கனமான மனுஷன் என்று பெருமைப்பட்டிருக்கிறேன்.

பனிக்குள்ளிருந்து பெண்கள் தெரிந்தார்கள். நான் வருவது அவர்களுக்குத் தெரியவில்லை. ஏதோ பேசிக்கொண்டு, ஒருத்தி தோள்மேல் ஒருத்தி கைபோட்டு நடந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் போனவள் எதற்கோ திரும்பினாள். அவள் கண் ஹேண்டில்பாரின்மேல் விழுந்தது. ஒரு சத்தம் போடவில்லை. இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவி, மடியைப் பிரித்து, இரண்டு கையாலும் விரித்து முன்னால் நீட்டினாள். அவளைப் பார்த்து அடுத்தவள் பிரித்தாள். அதற்கடுத்தவளும் பிரித்தாள். பாதையோரத்தில் எட்டுப் பெண்கள் தலையைக் குனிந்து, வெறும் மடியை விரித்துப் பிடித்து நின்றார்கள். யாரும் கேட்கவில்லை. காலை ஏழரை மணி. இன்னும் ஒருத்தியும் ஒரு காயைக்கூடப் பறித்திருக்கவில்லை.

நான் அவர்களைத் தாண்டி உருண்டு போனேன். ஒவ்வொரு மடியும் என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து வந்து போயிற்று. உள்ளே ஒன்றும் இல்லை. ஒருத்தியின் மடியிலிருந்து வெற்றிலை ஒன்று விழுந்தது. என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. பிரேக்கைப் பிடிக்கவும் முடியவில்லை. அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன்னாலும் பட்டதில்லை, பின்னாலும் பட்டதில்லை. பேயைப் பார்த்தவர்கள் பயந்ததாகச் சொல்வார்கள். பேயாகப் பார்க்கப்படுவது அதைவிட மோசம்.

ஸ்டோர்க்காரரிடம் கோட்டைக்கூடக் கழற்றாமல் போய் நின்றேன்.

"மடியப் பாப்பாராய்யா அவரு?"

அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எல்லா தோட்டத்துலயும் பாக்கிறதுதான், தாயி. காய் சின்னது, மடியில போட்டா யாருக்குத் தெரியும்? அண்ணே தெனமும் பாக்கல. கடசி வருசந்தான்."

"பாறைகிட்ட நிக்கிறாளே, அவ யாரு?"

"அவ முன்னாடி நம்ம தோட்டம். இப்பப் பக்கத்துத் தோட்டம், பாதை இதேதான். ஒருநாளு சாயங்காலம் அவ மடிய மட்டும் பிரிக்க மாட்டேன்னுட்டா. அண்ணே சேலைய உதறச் சொன்னாரு. எல்லாரும் பாக்க, பாதையில வச்சு."

"என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவருடைய படத்துக்குப் பூப்போடவில்லை. இருபத்திரண்டு வருடம் கூட இருந்த மனுஷன். கோழி அறுக்கும்போது திரும்பிக்கொள்வார். அந்த மனுஷன் ஓசைப்படாமல் உருண்டு வந்து பெண்களை மறித்திருக்கிறார். கோட்டுப் பையிலிருந்த ஏலக்காயை எடுத்து மேசைமேல் கொட்டிப் பார்த்தேன். அவர் பையில் இருந்தால் வாசனை, அவள் மடியில் இருந்தால் திருட்டு. செத்துப்போனவரோடு சண்டை போட முடியாது என்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. சரி, அவர் செய்ததை நான் ஏன் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும்? மறுநாள் மலைக்குப் போகாமல் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன்.

ரயில்வே ஸ்டேஷன் போகும் வழியில் அந்த மெக்கானிக்கின் பட்டறை. என் வீட்டுக்காரரை அண்ணே என்பார், என்னை மதினி.

"இந்தக் கொம்பைக் கழட்டிரு, தம்பி. வளைவுல நிக்கணும் நான். அதுக்கு ஒண்ணு போடு."

மெக்கானிக் மூன்று ஹேண்டில்பார்களைக் கொண்டுவந்து கோணிமேல் பரப்பினார். ஒன்று வளைவே இல்லாத நேர்க்குழாய். ஒன்று முன்னால் சரிந்து தாழ்ந்து போவது, ரேஸ் வண்டிகளில் இருக்குமே அது. மூன்றாவது நடுத்தரமாக எழும்பி, கொஞ்சமாகப் பின்னால் வளைந்தது; பார்க்க ஒரு விசேஷமும் இல்லாதது. பக்கத்தில் பஞ்சர் ஒட்டக் காத்திருந்த ஒருவர், "நேரா இருக்கிறதப் போடுங்கம்மா, கெத்தா இருக்கும்" என்றார்.

"கெத்து கெடக்கட்டும்யா" என்றார் மெக்கானிக். "மதினி, மொதல்ல ஏறி உக்காருங்க."

அதற்குள் பழையதைக் கழற்றியிருந்தார். ஹேண்டில்பார் இல்லாத வண்டியைப் பார்த்திருக்கிறீர்களா? கிளட்ச் ஒயரும் பிரேக் ஒயரும் இரண்டு பக்கமும் தொங்க, தலையை எடுத்த உடம்பு போல நின்றது. ஏறி உட்கார்ந்தேன்.

"கண்ண மூடிக்கங்க. வந்தவுகளுக்கு டீத்தட்டு நீட்டுவீகள்ல, அது மாதிரி கைய நீட்டுங்க. எங்க போய் நிக்குதோ அதான் ஒங்க எடம்."

கண்ணை மூடிக் கையை நீட்டினேன். கண்ணைத் திறந்தபோது என் இரண்டு கைகளும் மேலே, அகலமாக, எருமைக்கொம்பின் நுனி இருந்த அதே இடத்தில் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன. விரல்கள்கூட மடங்கியிருந்தன.

"அது அண்ணே பிடிக்கிற எடம் மதினி" என்றார் மெக்கானிக், மெதுவாக.

இரண்டாவது தடவையும் கை அங்கேதான் போயிற்று. இறங்கிப் போய், குழாயடியில் முகம் கழுவி, ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, கொஞ்சநேரம் சும்மா நின்றேன். மூன்றாவது தடவை கண்ணை மூடியபோது என் வீட்டு அடுப்படியையும் அதில் நான் நிற்கும் விதத்தையும் நினைத்துக்கொண்டேன். கை தாழ்ந்து, கிட்ட வந்து, தோளுக்கு நேராக நின்றது. மெக்கானிக் ஒரு மூங்கில் கம்பை என் கைக்குள் வைத்துப் பிடிக்கச் சொல்லி, அளவெடுத்தார்.

பிறகு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். நேர்க்குழாயை முழுக்கத் திருப்பினால் என் கட்டைவிரல் டேங்கில் மாட்டி நசுங்கியது. தாழ்ந்ததைப் பிடித்தால் ஏற்றத்துக்குச் சரி, இறக்கத்தில் மொத்த உடம்பும் மணிக்கட்டில் வந்து விழும். மூன்றாவதை மாட்டி இடதுபக்கம் முழுக்க ஒடித்தேன். வலதுகை எட்டியது. வலதுபக்கம் ஒடித்தேன். இடதுகை கிளட்சைப் பிடித்தது, முழங்கை இன்னும் கொஞ்சம் மடங்கியே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பஞ்சருக்குக் காத்திருந்தவர் பார்க்கிறாரே என்று அடக்கிக்கொண்டேன். நீளம் அதிகமாகி வளைந்து தொங்கிய ஒயர்களை மெக்கானிக் மாற்றிக் குட்டை ஒயர் போட்டார். கண்ணாடி நட்டையும் புதிதாகப் போடச் சொன்னேன்.

"பழச என்ன செய்ய மதினி?"

"பழைய இரும்புக்குப் போடு."

அவர் போடவில்லை. நான் கிளம்பும்போது சுவரில் ஆணியடித்து மாட்டிக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் மலையேறியது ஒரு கல்யாணத்துக்குப் போவது மாதிரி இருந்தது. அவருடைய கோட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு, என் அளவுக்கு மஞ்சளில் ஒரு மழைக்கோட்டு வாங்கிப் போட்டிருந்தேன். நான்காவது வளைவில் வேண்டுமென்றே நிறுத்தினேன். பின்னால் வந்த ஜீப்புக்காரர் திட்டினார். அந்தத் திட்டு என்னைத்தான் திட்டியது என்பதில் எனக்குச் சந்தோஷம். சோதனைச்சாவடியில் மறித்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். டீக்கடையில் எந்த டீயும் தானாக வரவில்லை. கேட்ட பிறகுதான் வந்தது, சர்க்கரையோடு. கண்ணாடி நகரவில்லை. அதில் என் முகமும் என் தோளும் எனக்குப் பின்னால் வந்த சாலையும் தெரிந்தன.

மண்பாதையில் பெண்களின் பேச்சு கேட்டது. ஹார்ன் அடித்துக்கொண்டே இறங்கினேன். ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கி, "நாந்தேன், நாந்தேன்" என்றேன். அவர்கள் ஒதுங்கி வரிசையாக நின்றார்கள். பேச்சு நின்றது. கைகள் இடுப்புக்குப் போயின.

எனக்குப் புரியவில்லை. பழக்க தோஷம், நாலு நாளில் போய்விடும் என்று சொல்லிக்கொண்டு பாறை வளைவுக்கு வந்தேன். நீலக் கொங்காணி பாறைப் பக்கம் திரும்பி நின்றது. கிளட்சைப் பிடித்து, பிரேக்கைப் பிடித்து, வளைவின் நட்டநடுவில் நிறுத்தி, என்ஜினை அணைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன். பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"திரும்பிப் பாரு, ஆத்தா. அவரு இல்ல. நான்தான் வந்திருக்கேன்."

பாறையைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்: "தெரியும்க்கா."

"கொம்பைக் கழட்டிட்டேன்."

"அதும் ஜீப்புல பேசிக்கிட்டாக."

"பின்ன எதுக்கு இன்னும் இப்படி நிக்கிற? செத்தவருகிட்ட என்ன பயம்?"

அவள் திரும்பினாள். ஐம்பது வயதிருக்கும். களைத்த, சாதாரணமான முகம். அதில் பயமே இல்லை.

"செத்தவரு வரமாட்டாருன்னு எங்களுக்குத் தெரியாதாக்கா? மொத நாளே தெரியும், ஓட்டுறது நீங்கன்னு. அவரு இருந்த வரைக்கும் நான் ஒருநாளும் திரும்பி நின்னதில்ல."

ஹெல்மெட்டை டேங்கின்மேல் வைத்தேன்.

"என்னய சேல உதறச் சொன்ன மறுநாளு, இதே எடத்துலதான் வண்டிய நிப்பாட்டி எறங்குனாரு. 'மனசுல வச்சுக்காத தாயி. காய் கொறையுது கொறையுதுன்னு வீட்டுல சொல்லிக்கிட்டே இருந்தா. மடியப் பாத்தீகளா, மடியப் பாத்தீகளான்னா. அதேன்'னாரு. கண்ணு கலங்கிருச்சு அந்த மனுசனுக்கு. பையில இருந்து ரெண்டு ஏலக்காய எடுத்துக் குடுத்தாரு. மன்னிப்புக் கேட்டவரு மேல எனக்கென்ன கோவம்? நான் திரும்பி நிக்கிறது, வீட்டுல சொன்னவுகளுக்கு."

எனக்கு ஞாபகம் வந்தது. அதுவரை ஒரு தடவைகூட வரவில்லை என்பதுதான் கொடுமை. அந்த வருடம் மழை அதிகம், காய் சிறுத்துவிட்டது. உலர்ந்து வந்த காய் எப்போதையும்விடக் குறைவாகத் தெரிந்தது. தோசை சுட்டுக்கொண்டே சொன்னேன். அவர் என் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அவளுக மடியப் பாத்தீங்களா?" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாளும் கேட்டேன். அதற்கு மறுநாளும் கேட்டேன். அவர் வேண்டாம் என்று முனகிய ஞாபகம். வேண்டாம் என்று சொன்னால் நான் இன்னும் வேகமாகச் செய்வேன்.

ஸ்டோர்க்காரர் பேய்க்கதை சொன்னது எனக்காகத்தான். என் முகத்துக்கு நேராக உண்மையைச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

"நாந்தான் சொன்னேன்" என்றேன் அவளிடம். "என்னைய மன்னிச்சிரு."

அவள் கொங்காணியை இழுத்துத் தலையில் சரியாகப் போட்டுக்கொண்டாள்.

"நேரமாச்சுக்கா. நீங்க போங்க. நீங்க போனப்புறம் நான் போறேன்" என்று சொல்லிவிட்டு, மறுபடி பாறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வண்டியை உதைத்தேன். வளைவை ஒடித்துத் திரும்ப எனக்கு இப்போது ஒரு சிரமமும் இல்லை. புதுக் கண்ணாடி அசையாமல் இருந்தது. அதில் என் முகம் முழுசாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால், பனி மறைக்கும்வரை, அவள் முதுகு தெரிந்தது.